மயிலத்துக்கு நடப்பவர்கள் காலில் என்ன போடலாம்: என் பழைய பதிவுக்குத் திருத்தம்

போன வருடம், அதாவது 2006 பங்குனி உத்திரத்துக்கு, தாம்பரத்தை அடுத்த எங்கள் இரும்புலியூரிலிருந்து மயிலம் முருகன் கோவிலுக்கு நடந்து போய்வந்தேன். வந்த வாரமே இந்த வலைப்பதிவில் ஒரு கட்டுரையும் எழுதினேன். ‘செருப்பும் இல்லை, கொப்புளமும் இல்லை’ என்று தலைப்பு. எவ்வளவு திமிராக எழுதியிருப்பேன் என்று தலைப்பைப் பார்த்தாலே தெரியும். வெறுங்காலோடு நடக்க வேண்டும், ஆனால் கால் சுடக் கூடாது என்று நினைப்பவர்கள் இரண்டு ஜோடி சாக்ஸை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டால் போதும், சர்க்கரை நோயாளியான என் மச்சானே அப்படித்தான் 108 கிலோமீட்டர் நடந்தான் என்று அதில் பெருமையடித்திருந்தேன். முப்பத்தொரு பின்னூட்டம் வந்தது. நான் எழுதியதிலேயே அதுதான் அதிகம்.

போன வாரம் முப்பத்திரண்டாவது வந்தது. குரோம்பேட்டையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். “சார், எங்கப்பா இந்த வருஷம் மயிலம் நடக்கிறார். அவருக்கும் சுகர் உண்டு. உங்க பதிவைப் பார்த்து ரெண்டு ஜோடி சாக்ஸ் வாங்கிட்டோம். ரெண்டு போதுமா, மூணா போடச் சொல்லட்டுமா?”

படித்ததும் ‘சாக்ஸ் வேண்டாம், தயவுசெய்து வேண்டாம், உடனே எனக்குப் போன் செய்யுங்கள்’ என்று பதில் போட்டுவிட்டு, அந்தக் கட்டுரையை அப்போதே தூக்கினேன். அந்த இடத்தில் இதை எழுதுகிறேன். அதில் நான் புகழ்ந்து தள்ளிய என் மச்சான் சேகர் இப்போது உயிரோடு இல்லை. அந்த நடைதான் அவனைக் கொண்டுபோயிற்று. அவனுக்குச் சாக்ஸ் யோசனை சொன்னவன் நான். இதைப் படித்துவிட்டு ஒரே ஒருவர் சாக்ஸைக் கழற்றி வைத்தால் போதும்.

சேகர் என் மனைவி விஜயாவின் தம்பி. வயது நாற்பத்து மூன்று. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருந்தான். ஆறடி ஆள், குரல் மட்டும் ஏழடி. எட்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை ஒருநாள் போடுவான், இரண்டு நாள் மறப்பான். கேட்டால், “மாமா, டயருக்கு காத்து புடிக்கிற எனக்கு என் உடம்புக்கு காத்து புடிக்கத் தெரியாதா?” என்பான். 2005 ஐப்பசியில் விஜயாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. உள்ளே போனவளை நான்கு மணி நேரமாகியும் வெளியே கொண்டுவரவில்லை. நான் நாற்காலியில் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சேகர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், எதிரே இருந்த பிள்ளையார் கோவிலில் கற்பூரம் ஏற்றி, ‘அக்கா பிழைத்து வந்தால் பங்குனி உத்திரத்துக்கு மயிலத்துக்கு வெறுங்காலில் நடந்து வருகிறேன்’ என்று வேண்டிக்கொண்டு வந்தான். அவள் பிழைத்து வந்தாள்.

எங்கள் பக்கத்திலிருந்து வருடா வருடம் ஒரு கூட்டம் மயிலத்துக்கு நடக்கும். கூட்டிப்போகிறவர் ஆறுமுகம் அண்ணன், தச்சு வேலை செய்பவர், அதுவரை பத்தொன்பது தடவை நடந்தவர். சேகர் போய்ப் பெயர் கொடுத்ததும் அவர் முதலில் சொன்னதே இதுதான்: “உனக்கு சுகர் கீது சேகரு. நீ செருப்பு போட்டுக்கோ. குத்தம் இல்ல, நான் சொல்றேன்.” இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னால் சில பேர் அவரைக் குறை சொன்னார்கள். அது பாவம். அவர் சரியாகத்தான் சொன்னார்.

அவர் பேச்சைக் கேட்டு நானும் சேகரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு செருப்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு பாய். சர்க்கரை என்றதும் அவர் வேறு எதையும் காட்டவில்லை. கறுப்பு நிறத்தில், அடியில் மெத்து மெத்தென்று ரப்பர் வைத்து, பின்னால் பட்டி வைத்த ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். விலை 380 ரூபாய். சேகர் போட்டு நாலடி நடந்து பார்த்தான். “ஷோக்கா கீது பாய்” என்றான். உட்கார்ந்தான். கழற்றி வைத்துவிட்டான்.

“வாணாம் மாமா. வெறுங்காலுன்னு கற்பூரத்தாண்ட சொல்லிட்டேன். அக்காவ குடுத்துட்டாரு. இப்ப போயி நான் செருப்பு மாட்டிக்கினு நின்னா நல்லாவா கீது?”

பாய் விடவில்லை. “தம்பி, எங்க ஆளுங்க ஹஜ்ஜுக்குப் போறப்ப இதத்தான் வாங்கினு போறாங்க. ஆண்டவன் வாணாம்னா சொல்றான்? காலு குடுத்தவனுக்கு காலோட கஷ்டம் தெரியாதா?” என்றார். சேகர் தலையை ஆட்டினான், அசையவில்லை. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு 380 ரூபாயைக் கொடுத்திருக்க வேண்டும். அவன் திட்டினாலும் பையில் போட்டு எடுத்துப் போயிருக்க வேண்டும்.

எனக்கோ எதற்கும் ஒரு நடுவழி கண்டுபிடிக்கும் புத்தி. டெலிபோன் ஆபீசில் இருபத்தாறு வருடம் ஒயருக்கு ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வந்த புத்தி அது. கடை வாசலில் சாக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. “டேய், சாக்ஸ் செருப்பு இல்லையே! தோலும் இல்ல, அடியும் இல்ல. துணிதானே? வேட்டி கட்டிக்கிறோம், துண்டு போட்டுக்கிறோம், இது காலுக்குத் துண்டு” என்றேன். சேகர் என்னை அப்படியே கட்டிக்கொண்டான். “மாமான்னா மாமாதான்யா!” ஆறுமுகம் அண்ணனிடம் கேட்டோம். செருப்பும் போடமாட்டேன் என்கிறான், வெறுங்காலுக்குச் சாக்ஸாவது மேல்தானே என்று அவரும் அரை மனதாகத் தலையாட்டினார். ஜோடி 25 ரூபாய், ஆளுக்கு நான்கு ஜோடி. அவனுக்குத் துணையாக நானும் அதையே போடுவதென்று முடிவு செய்தேன். பருத்தி கிடைக்கவில்லை, நைலான்.

இனி வழி. நடக்கப் போகிறவர்களுக்கு நேரமும் தூரமும் வேண்டும், அதில் நான் தப்புச் செய்யவில்லை. உத்திரத்துக்கு நான்கு நாள் முன்னால், காலை 4 மணிக்கு இரும்புலியூர் அம்மன் கோவிலில் தேங்காய் உடைத்துக் கிளம்பினோம். இருபத்திரண்டு பேர், கூடவே பாத்திரம் பண்டமும் பாயும் ஏற்றிய ஒரு மினி லாரி. ஆளுக்கு 350 ரூபாய் வசூல், சாப்பாடு லாரி எல்லாம் அதில் அடக்கம். வண்டலூர் 5 மணி. கூடுவாஞ்சேரி 6.30, அங்கே டீ 3 ரூபாய். சிங்கப்பெருமாள் கோவில் 9.30, அதுவரை 22 கிலோமீட்டர். வெயில் நேரம் முழுக்க ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்துவிட்டு 4 மணிக்குக் கிளம்பி 6.30க்குச் செங்கல்பட்டு. முதல் நாள் ஒன்றும் கஷ்டம் இல்லை. சேகர் வழியெல்லாம் அரோகரா போட்டுக்கொண்டே வந்தான். அவன் குரலைக் கேட்டு லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பதில் சொன்னார்கள்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் எதிரெதிராக இரண்டு வரிசையில் உட்காருவார்கள். ஒருவர் காலை இன்னொருவர் மடியில் தூக்கி வைத்து, டார்ச் அடித்து, ஊக்கால் முள்ளும் கண்ணாடிச் சில்லும் எடுத்து, விளக்கெண்ணெய் தடவிவிடுவார்கள். முள் பார்ப்பது என்று அதற்குப் பெயர். சின்னவர் பெரியவர் கணக்கெல்லாம் அதில் கிடையாது. ஆறுமுகம் அண்ணனின் காலையே முதல் தடவையாக நடக்க வந்த ஒருவர் பார்த்தார். எங்களைக் கூப்பிட்டபோது நான் முந்திக்கொண்டு, “எங்களுக்கு எதுக்குண்ணே, சாக்ஸ் கீதே, முள்ளு எப்டி ஏறும்?” என்று சிரித்தேன். நாங்கள் மேல் ஜோடியை மட்டும் மாற்றிக்கொண்டு, உள் ஜோடியோடு தூங்கிவிட்டோம். உள்ளே இருப்பதைக் கழற்றினால் வீங்கின காலில் திரும்ப ஏற்ற முடியாது என்று அதற்கும் நான்தான் காரணம் சொன்னேன். செருப்பு போட்டிருந்தால் கழற்றித்தான் உட்கார்ந்திருப்பான். வெறுங்காலாக இருந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். சாக்ஸ் இரண்டும் இல்லாமல் செய்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை 4.15க்குப் புறப்பட்டு, விடியும் நேரத்தில் பாலாற்றுப் பாலம் தாண்டினோம். பாலத்துக்கு அப்பால் எங்கள் லாரிக்கு டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. சேகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். டயருக்குள் கையை விட்டு, கண்ணை மூடி, விரலால் தடவி ஆணியைக் கண்டுபிடித்தான். வேலை முடிய இரண்டே கால் மணி நேரம். அந்தத் தாமதத்தால் படாளத்திலிருந்து மதுராந்தகம் வரை உச்சி வெயிலில் நடக்க வேண்டி வந்தது. நான்கு வழிச்சாலை போட்டதிலிருந்து அந்தப் பக்கம் மரமே இல்லை. தார் இளகிக் கிடந்தது. அனுபவசாலிகள் ரோட்டோர வெள்ளைக் கோட்டின் மேலேயே வரிசையாக நடந்தார்கள், அங்கே சூடு குறைவு. நான் அந்தக் கோட்டிலும் நிற்க முடியாமல் குதித்துக் குதித்துப் போனேன். சாக்ஸ் உருகிக் காலோடு ஒட்டுகிற மாதிரி இருந்தது.

சேகர் கறுப்புத் தாரின் நடுவில், கையை வீசிக்கொண்டு, பீச்சில் காற்று வாங்குகிறவன் மாதிரி வந்தான்.

“இன்னா மாமா, தீ மிதிக்கிற மாதிரி குதிக்கிறீங்க?”

“உனக்கு சுடலையாடா?”

“இல்லியே! சும்மா மெத்துனு கீது. முருகன் தூக்கிக்கினு போறாரு மாமா!”

கூட்டத்தில் வந்த பெண்கள் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அக்காவுக்காக நடக்கிறவன், சாமி சும்மா விடுமா என்றார் ஒருவர். எனக்கும் மெய் சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். என் பழைய கட்டுரையில் இதைத்தான் பெரிதாக எழுதியிருந்தேன்: ‘எனக்குக் கால் வெந்தது, என் மச்சானுக்கு முருகன் அருளால் ஒன்றும் தெரியவில்லை.’ அந்த ஒரு வரியைப் பாராட்டித்தான் பாதிப் பின்னூட்டங்கள் வந்தன. அவனுக்கு ஏன் தெரியவில்லை என்று ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு ஆளுக்கு, கேட்கத் தோன்றவில்லையே! எட்டு வருடச் சர்க்கரை காலில் உணர்ச்சியை அரித்துத் தின்றிருந்தது. நாங்கள் அதற்கு அரோகரா போட்டோம்.

மதுராந்தகம் சேர 12.40. ஏரிக்கரையில் உட்கார்ந்து பார்த்தபோது என் பாதத்தில் ஐந்து கொப்புளம் (பழைய தலைப்பில் கொப்புளம் இல்லை என்றது சேகர் காலை வைத்து). வலி பொறுக்கவில்லை. நான் சாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு லாரியில் இருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டேன். எனக்கு என்ன, நான் வேண்டிக்கொள்ளவா செய்தேன்? வலிதான் என்னைக் காப்பாற்றியது. “மாமா அவுட்டு!” என்று சேகர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

மூன்றாம் நாள் மேல்மருவத்தூர் 7.30, அச்சிறுபாக்கம் 8.45. அச்சிறுபாக்கத்தில் ஊர்ப் பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு நின்று, நடந்து வருகிறவர்கள் காலில் ஊற்றி விழுந்து கும்பிடுவார்கள். சேகர் காலில் சாக்ஸின் மேலேயே ஊற்றினார்கள். அந்த ஈரத்தோடேயே நடந்தான், அந்த ஈரத்தோடேயே மத்தியானம் படுத்தான். சாயங்காலம் 4க்குக் கிளம்பி 7.30க்கு ஒலக்கூர். அன்று மட்டும் அவன் கொஞ்சம் சோர்ந்திருந்தான். “காலு இன்னாவோ கட்டை மாதிரி கீது மாமா” என்றான். 25 கிலோமீட்டர் நடந்தால் யாருக்குத்தான் கட்டை மாதிரி இருக்காது என்று சொன்னேன். என்னிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும், பாருங்கள்.

நான்காம் நாள் திண்டிவனம் 6.30, கூட்டேரிப்பட்டு 9.45. வெயில் தாழ்ந்து புறப்பட்டு, 5.15க்கு மயிலம் மலையடிவாரம். குன்று சிறியதுதான். தூரத்திலேயே கோபுரம் தெரிந்ததும் சேகர் ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். “அக்காவுக்கு சொன்னத முட்ச்சிட்டேன் மாமா” என்றான். குளக்கரையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிச் சுருட்டி என் பையில் போட்டான். வலது பாதத்தில், கட்டை விரலுக்குக் கீழே, எட்டணா அகலத்துக்குக் கறுப்பாக இருந்தது.

“என்னடா அது?”

“தாரு மாமா. ஒட்டிக்கினு கீது. வூட்டுக்குப் போயி மண்ணெண்ண போட்டுத் தொடச்சா பூடும்.”

மாலை வெளிச்சம், கூட்டம், மஞ்சளும் மண்ணும் படிந்த கால். நானும் தார் என்றே நினைத்தேன். மறுநாள் விடியற்காலை 5 மணிக்குத் தரிசனம், இரண்டரை மணி நேர வரிசை. கூட்டேரிப்பட்டிலிருந்து தாம்பரத்துக்குப் பஸ் 38 ரூபாய், இரண்டே முக்கால் மணி நேரம். சேகர் ஜன்னலோரம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்து அவன் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறான். போகவில்லை. பிளேடால் சுரண்டியிருக்கிறான். அதுவும் வலிக்கவில்லை. ஒன்பதாம் நாள் குளிர் ஜுரம் என்று கடையில் படுத்துவிட்டான். அவன் மனைவி மல்லிகா எனக்குப் போன் செய்து, “அண்ணா, கால்ல ஒரு நாத்தம் வருதுண்ணா, வந்து பாருங்க” என்று அழுதாள். ஆட்டோ பிடித்துச் சென்னைக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு இளம் டாக்டர் ஊசியை எடுத்து, “நான் குத்தறப்ப சொல்லுங்க” என்றார். சேகர் சமத்தாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “எப்ப சார் குத்துவீங்க?” என்று கேட்டான். அதற்குள் அவர் இரண்டு பாதத்திலும் ஏழெட்டு இடத்தில் குத்தி முடித்திருந்தார். படாளம் ரோட்டில் கையை வீசிக்கொண்டு வந்தவன்தான் என் கண்ணுக்கு முன்னால் நின்றான்.

அது தார் இல்லை. வெந்து செத்துப்போன சதை. முதலில் விரலை எடுத்தார்கள், நான்கு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். டாக்டர்கள் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன், அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. வைகாசி பிறந்து பத்தாம் நாள் மத்தியானம் போய்விட்டான்.

கால் எடுத்த மறுநாள் விஜயா கட்டில் பக்கத்தில் நின்று அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். “செருப்பு வாங்கத்தானடா போனீங்க? சாக்ஸ் போட்டுக்கச் சொல்லி எந்தக் கடங்காரன்டா உனக்குச் சொன்னான்?” நான் அவளுக்குப் பின்னால் பிளாஸ்கோடு நின்றிருந்தேன். சேகர் என்னைப் பார்க்கவே இல்லை. “யாரு சொல்வா? நான்தான்கா. மாமா செருப்பு வாங்கித் தர்றேன்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல” என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை, அவன் போன பிறகும் திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடம் விஜயா, “இவர் எவ்வளவோ சொன்னாராம், அவன்தான் கேக்கல” என்று சொன்னபோது நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவளோடு சாப்பிட்டு, தூங்கி, எழுந்திருக்கிறேன். வெட்கங்கெட்டவன் நான்.

இனி நடப்பவர்களுக்கு. இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளவில்லை, ஆளைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன், அதனால் கேளுங்கள். சர்க்கரை இருப்பவர் நடப்பதற்கு முன் டாக்டரிடம் போய்ப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், சில நிமிட வேலைதான். உணர்ச்சி இல்லை என்றால் நடக்காதீர்கள், பஸ் இருக்கிறது, மயிலத்து முருகன் பஸ்ஸில் வருகிறவர்களையும் பார்க்கிறார். டாக்டர் போகலாம் என்றால், அடி மெத்தென்றும் விரலை நெருக்காமலும் பின்பட்டியோடும் இருக்கும் செருப்பு. அதையும் ஒரு மாதம் முன்பே வாங்கி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழக்குங்கள். கிளம்புகிற அன்றைக்குப் புதுச்செருப்பு கூடவே கூடாது.

சர்க்கரை இல்லாதவர்கள் வெறுங்காலில்தான் நடப்பேன் என்றால் அது உங்கள் வேண்டுதல், நான் யார் சொல்ல? ஆனால் காலை 9.30க்கு மேல் தாரில் கால் வைக்காதீர்கள். லாரி கெட்டுப்போனால் லாரியோடு உட்காருங்கள், நடையை ஒருநாள் தள்ளிப்போட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஈரத்தோடு நடக்காதீர்கள். நைலான் சாக்ஸை மட்டும் போட்டுக்கொண்டு யாருமே தாரில் நடக்க வேண்டாம். ராத்திரி முள் பார்க்கக் கூப்பிட்டால், செருப்போ ஷூவோ எது போட்டிருந்தாலும், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போய் உட்காருங்கள். பக்கத்தில் நடப்பவருக்குக் கால் சுடவில்லை என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவரை உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பாருங்கள்.

குரோம்பேட்டைக்காரர் அன்றைக்கே போன் செய்தார். அப்பாவை டாக்டரிடம் காட்டுவதாகச் சொன்னார். அதற்கப்புறம் தகவல் இல்லை.

இதை ஏற்றுவதற்கு முன்னால், நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை, விஜயாவைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்காரச் சொல்லி மேலே உள்ளது முழுவதையும் படித்துக் காட்டினேன். ‘காலுக்குத் துண்டு’ என்ற இடத்தில் நிறுத்தி அவளைப் பார்த்தேன். அவள் “படிங்க” என்றாள். முடித்தேன். திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு கீபோர்டைப் பார்த்தபடியே பேசினாள்.

“நீங்க வந்த அன்னைக்கு உங்க பைய நான்தான் பிரிச்சேன். சாக்ஸெல்லாம் ஒண்ணாத்தான் சுருட்டிக் கெடந்துச்சு” என்றாள். “ஒரு ஜோடில ரத்தமும் சீழும் காஞ்சு மொடமொடன்னு இருந்துச்சுங்க. நீங்கதான் வந்ததுலேர்ந்து கொப்புளம் கொப்புளம்னு அனத்திக்கிட்டு இருந்தீங்களே. உங்களோடதுன்னு நெனச்சேன். சோப்பு போட்டு ஊற வெச்சு, கறையே தெரியாம தொவச்சு, மடிச்சு, உங்களுக்கு இனிமே எதுக்குன்னு எல்லாத்தையும் சேகர்கிட்டயே குடுத்தனுப்பினேன்.”

நான் மதுராந்தகத்திலேயே சாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று அவளுக்கு நேற்றுத்தான் தெரியும். அப்புறம் வீட்டில் சமையல் நடக்கவில்லை. சாயங்காலம் அவளே வந்து, நடக்கிறவர்களுக்கு இவ்வளவு எழுதியிருக்கிறீர்களே, வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் எழுதவில்லையே என்றாள். சொல்லு, போடுகிறேன் என்றேன். அவள் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

நடந்துவிட்டு வந்தவர்களின் துணியில் ரத்தம் இருந்தால், அது யாருடையது என்று கேட்டுவிட்டு அப்புறம் துவையுங்கள்.